தவிலுக்கு எந்த மைக்?

சென்னை
20-1-1946

அன்புள்ள அக்கா பஞ்சவர்ணத்துக்கு,

தம்பி ராசாங்கம் எழுதுவது. பொங்கலுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். லீவு கிடைக்கவில்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஓட்டல் சாப்பாடு பழகிவிட்டது. அத்தானுக்கு ஐப்பசியில் வந்த விஷக்காய்ச்சலுக்குப் பிறகு தெம்பு திரும்பிவிட்டதா?

ஒரு நல்ல சேதி. சண்டை முடிந்து, தட்டு வார்க்கிற அரக்கு மறுபடி கிடைக்கிறது. எங்கள் கிராமபோன் கம்பெனி புதுத் தட்டுகள் போடப்போகிறது. போன வருஷம் திருமழபாடி நந்தி கல்யாணத்தில் அத்தான் வாசித்ததை மானேஜர் கேட்டிருக்கிறார். "அந்த அரியலூர் தவில்காரரை நாகசுரம் இல்லாம தனியா வாசிக்கவெச்சு ஒரு தட்டுப் போடணும்" என்றார். என் அத்தான்தான் என்றதும் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது! சித்திரையில் எங்கள் வண்டி திருச்சிக்கு வருகிறது. வழியில் அரியலூரில் இறங்கிப் பதிவு செய்வோம்.

தவிலுக்கு எந்த மைக் என்று பார்த்துப் பொறுக்கும் வேலையை இன்ஜினியர் என் தலையில் கட்டிவிட்டார். கம்பெனியில் மூன்று வகை இருக்கின்றன. கார்பன் மைக் பழையது. அதில் தவில், தகர டின்னைத் தட்டினது போல வரும். காயில் மைக் முரடு, எதையும் தாங்கும். ரிப்பன் மைக்தான் உள்ளது உள்ளபடி கேட்கும். ஆனால் அதற்குள் இருக்கிற தகடு வெற்றிலை நரம்பைவிட மெல்லிசு. ஓங்கி அடித்தால் கிழிந்துவிடும். எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

அத்தானிடம் சொல்லி உடனே சம்மதம் எழுதவும்.

உன் தம்பி
ராசாங்கம்

*

அரியலூர்
2-2-1946

தம்பி ராசாங்கத்துக்கு அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. உன் அத்தான் நன்றாக இருக்கிறார். காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகிறது. சாப்பாடு சரியாக இறங்குகிறது. நானும் நலம்.

தட்டு விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தையே வாங்கிப் படித்தார். சரி என்றார்.

உன்னிடம் சில விவரம் கேட்கவேண்டும். வாசிக்க ஆரம்பிப்பதற்கு நீங்கள் மணி அடிப்பீர்களா, விளக்குக் காட்டுவீர்களா? இன்ஜினியர் எங்கே நிற்பார்? கண்ணில் படுகிற இடத்திலா, சுவருக்கு அந்தப் பக்கமா? நடுவில் நிறுத்தச் சொல்லிக் கத்துவார்களா? கூட யாராவது தாளம் போட்டால் தட்டில் கேட்டுவிடுமா?

எனக்கு இப்போதெல்லாம் ரோட்டைக் கண்டாலே பயமாக இருக்கிறது. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற ஜெயங்கொண்டம் பஸ் கண்மண் தெரியாமல் வருகிறது. அவர் குளிக்கப் போனால் நானும் ஏரிக்கரை வரை கூடப் போகிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பதிவைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா? கேட்டுப் பார்.

அக்கா
பஞ்சவர்ணம்

*

சென்னை
10-2-1946

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். நீ அத்தானுக்குப் பின்னால் ஏரிக்கரைக்குப் போவதைப் படித்துவிட்டு ரூமில் தனியாகச் சிரித்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தா?

நீ கேட்டதற்குப் பதில். மணிதான் அடிப்போம். ஒரு மணிக்குத் தயார், இரண்டாம் மணிக்கு வாசிப்பு. இன்ஜினியர் அடுத்த அறையில் மெஷினோடு இருப்பார். ஏதாவது தப்பென்றால் குரல் கொடுப்பார். பதிவாவது மெழுகுத் தட்டில். அதை அங்கேயே போட்டுக் கேட்க முடியாது, கேட்டால் வரி அழிந்துவிடும். கல்கத்தாவுக்கு அனுப்பி, அங்கே அச்செடுத்துத் தட்டாக வந்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்றே தெரியும். கம்பெனி ஆறு மெழுகு தந்திருக்கிறது. ஒரு மெழுகுக்கு மூன்றேகால் நிமிஷம். வீணாக்கினால் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இங்கே மயிலாப்பூர்த் தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ரிப்பன் மைக்கைச் சோதித்தேன். ஆறடியில் வைத்திருந்தேன். அவர் கழியை ஓங்கினதும் மீட்டர் முள் ஓடிப்போய் முட்டிக்கொண்டு நின்றது. என் உயிர் போய் வந்தது. தகடு தப்பிவிட்டது. "ஒடஞ்சா உன்னையத்தான் கேப்பேன்" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார்.

தேதியைத் தள்ளிப்போட முடியாது. அத்தான் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? என் மேல் மனத்தாங்கலா?

ராசாங்கம்

*

சென்னை
20-3-1946

அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. யாருக்கு என்னவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நான் நலம் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. பதிவு மே மாதம் எட்டாம் தேதி என்று முடிவாகிவிட்டது. பதிவுக்கு உங்கள் ஊர் அரியமுத்துவின் கடலை மண்டியைக் கேட்டிருக்கிறோம். சுற்றிலும் மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி இருக்காது.

எதுவானாலும் எழுது. இரண்டு வரி போதும்.

ராசாங்கம்

*

அரியலூர்
12-4-1946

தம்பிக்கு,

இந்தக் கடிதத்துக்குப் பதிலை வீட்டுக்குப் போடாதே. பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் பெயருக்குப் போடு. உன் கடிதங்களை எல்லாம் உன் அத்தான் படிக்கிறார்.

அவருக்குக் காது கேட்கவில்லை ராசாங்கம்.

காய்ச்சலோடு போயிற்று. இடது காது முழுக்கச் செத்துவிட்டது. வலது காதில் தவிலின் இடி மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிறதாம். மனுஷர் குரல் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். திருச்சி டாக்டர் பார்த்துவிட்டு, இனி வராது என்று கையை விரித்துவிட்டார். "வெளியில தெரிஞ்சா எந்த நாகசுரக்காரன் என்னைப் பக்கத்துல உக்கார வெப்பான்?" என்று சிறுவாச்சூருக்குக் கூட்டிப்போய் மதுரகாளியம்மன் முன்னால் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னேன். வாய் திறக்கவில்லை. எழுதத்தான் செய்கிறேன். இதையும் அந்த அம்மன் கணக்கில் எடுத்துக்கொள்வாளோ, தெரியவில்லை.

மாசியில் ஒருநாள் அந்தக் கரி பஸ் பின்னால் ஊதிக்கொண்டே வந்தது. அவர் பாட்டுக்கு நடுரோட்டில் நடந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் வாய்க்காலில் விழுந்தோம். அவர் எழுந்து என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வேன்.

இதுவரை நாகசுரம் வாசிக்கிற சின்னதுரை அண்ணனின் விரலையும் கன்னத்தையும் பார்த்தே தவில் வாசித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று நாளைக்கு முன் திருமழபாடியில் நந்தி கல்யாணம். கூட்டத்தில் யாரோ கூப்பிட, அண்ணன் நாகசுரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். இவருக்கு அது தெரியவில்லை. நாகசுரம் நின்ற பிறகும் தனியாக வாசித்துக்கொண்டே இருந்தார். ஜனம் முதலில் ரசித்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நான் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் பேர் வந்துவிட்டால் ஊர் வாய் அடங்கும் என்று அவர் நம்புகிறார். எனக்கோ அன்றைக்குத்தான் எல்லாம் வெளியாகப்போகிறது என்று தோன்றுகிறது. அவரை எங்கள் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்திவிடாதே.

அக்கா

*

சென்னை
19-4-1946
(சம்பூர்ணம் அம்மாள் மூலமாக)

அக்காவுக்கு,

படித்தேன். படித்துவிட்டு ஸ்டூடியோ மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏரிக்கரை என்று நான் சிரித்ததை மன்னித்துவிடு.

இன்ஜினியரிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் பதிவே நடக்காது. சொல்லாமல் விட்டு மெழுகு வீணானால் என் வேலை போகும். போனால் போகிறது என்று எழுத ஆசை. ஆனால் உண்மையில் பயமாக இருக்கிறது அக்கா.

நன்றாக யோசித்துச் சாமான்களைப் பொறுக்கியிருக்கிறேன். ரிப்பன் மைக்குக்கு ஒரு குணம் உண்டு. முன்னாலும் பின்னாலும்தான் அதற்குக் கேட்கும், பக்கவாட்டில் ஒன்றும் கேட்காது. அதை அத்தானுக்கு நேர் எதிரே பன்னிரண்டு அடி தள்ளி வைக்கப்போகிறேன். அவ்வளவு தூரத்தில் தகடு கிழியாது. அதன் பக்கவாட்டில் சின்னதுரை அண்ணனைத் தாளத்தோடு உட்காரவைப்பேன். தாளம் தட்டில் விழாது, அத்தான் கண்ணில் விழும். தள்ளி வைத்தால் வலது கை விரல் பேசுவது மங்கிவிடும். அதற்கு வலப்பக்கம் மூன்றடியில் காயில் மைக். யாராவது ஏன் என்று கேட்டால் மைக்குக்காக இப்படித்தான் உட்காரவேண்டும் என்று சொல்லிவிடுவேன். பொய்யும் இல்லை. மணிக்குப் பதில் சிவப்பு விளக்குப் பொருத்துகிறேன். மணிச்சத்தம் மெழுகில் ஏறுகிறது என்று இன்ஜினியரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன்.

அத்தானிடம் எதுவும் காட்டிக்கொள்ளாதே. நானும் காட்டிக்கொள்ளமாட்டேன்.

ராசாங்கம்

*

திருச்சி முகாம்
12-5-1946
(சம்பூர்ணம் அம்மாள் மூலமாக)

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு நாள் முன்னால் மண்டி வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நீ நின்றது கண்ணிலேயே நிற்கிறது. வண்டி கிளம்பும் அவசரத்தில் உன்னோடு பேச முடியவில்லை. இங்கே வெயில் கொளுத்துகிறது. மற்றபடி சுகம்.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். முதல் மெழுகில் விளக்கு எரிந்ததும் அத்தான் சரியாகத் தொடங்கினார். அரை நிமிஷத்தில் மெஷினில் ஏதோ கோளாறு. இன்ஜினியர் "நிறுத்து" என்று கத்தினார். மறுபடியும் கத்தினார். அத்தான் வாசித்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் எதிரில் கையை ஆட்டினேன். "வாசிப்புல எறங்கிட்டா அத்தானுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சார்" என்றேன். இன்ஜினியர் அடுத்த மெழுகை எடுக்கப் போய்விட்டார்.

இரண்டாவதில் கடலைத் தூசிக்குச் சின்னதுரை அண்ணன் தும்மித் தாளத்தைத் தவறவிட்டார். மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை. கழி விழும்போது மூட்டைகளுக்குள்ளேயே ஒரு அதிர்வு போயிற்று. ரிப்பன் தாங்கியது. நான்காவதும் எடுத்தோம். மீதி இரண்டைத் தொடவில்லை.

பிறகு இன்ஜினியர் அத்தானிடம் வந்து இரண்டொரு வார்த்தை பேசினார். அவ்வளவுதான்.

மெழுகெல்லாம் கல்கத்தா போகிறது. இனி பொறுத்திருக்கவேண்டும்.

ராசாங்கம்

*

அரியலூர்
3-6-1946

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். அவரும் இருக்கிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

பதிவு முடிந்த நாளிலிருந்து தவில் உறையைவிட்டு வெளியே வரவில்லை. வைகாசியில் மூன்று கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். காலையில் எழுந்ததும் என் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒன்றையே கேட்கிறார். "அந்த இன்ஜினியரு என் காதுல ஒண்ணு மாட்டுனாரே, அதுல சத்தம் வந்துச்சா, வரலியாடி? மச்சான் கிட்ட கேளு."

என்ன மாட்டினார்? நீ எழுதவில்லையே. அதில் சத்தம் வந்ததா? உள்ளதை எழுது. இப்போது வீட்டு விலாசத்துக்கே எழுது. உன்னிடம் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அடிப்பாரோ என்று பயந்தேன். "தெரியும்டி, விளக்கைப் பாத்தப்பவே தெரியும்" என்றார். அதோடு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம்

*

அரியலூர்
20-8-1946

ராசாங்கம்,

இரண்டரை மாதமாகிறது. நீ எழுதவில்லை. இருக்கிறாயா, வேலையில் இருக்கிறாயா என்றுகூடத் தெரியவில்லை. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறார்கள் என்கிறார்கள். அதற்குள் இது உன்னிடம் வந்துவிட வேண்டும்.

நேற்று அவர் வீட்டில் இல்லை. தவிலும் இல்லை. எந்தப் பக்கம் போய்த் தேடுவது? ஏரிக்கு ஓடினேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதற்கு முன் அந்தக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில் அரியமுத்து மண்டியில் இருந்தார். அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல்.

நீ எதையோ மறைக்கிறாய். மறைப்பது என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் எங்களைக் கொல்கிறது.

*

சென்னை
28-9-1946

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ரயில் ஓடத் தொடங்கி இப்போதுதான் தபால் வருகிறது. உன் ஆகஸ்டு மாதக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் நான் எழுதாததற்கு வேலைநிறுத்தம் காரணமில்லை. என் கோழைத்தனம்தான்.

அத்தான் கேட்டதற்குப் பதில் இதோ. நான்காவது மெழுகு முடிந்ததும் இன்ஜினியர் ஹெட்போனைக் கொண்டுவந்து அத்தான் காதில் மாட்டினார். தவிலைத் தட்டிக் காட்டி, மைக் வழியாக எப்படிக் கேட்கிறது என்று கையால் கேட்டார். "நல்லா இருக்குங்க, கணீர்னு கேக்குது" என்றீர்கள். அத்தான், அதில் சத்தம் வரவில்லை. அந்த ஒயரின் நுனி இன்ஜினியரின் கையிலேயே இருந்தது. பெட்டியில் செருகவே இல்லை. நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். ஹெட்போனைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மானேஜர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். இன்ஜினியர் மெழுகோடு கல்கத்தா போனார். ஆகஸ்டில் அங்கே பெரிய கலவரம். பதினைந்து நாள் அவரைப் பற்றித் தகவலே இல்லை. அவர் பிழைக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிட்டால் என்ன சொல்வாரோ என்றும் பயந்தேன். மனுஷ மனசு இவ்வளவு கேவலமா என்று இருந்தது.

போன வாரம் திரும்பி வந்தார். பதிவு நோட்டுகளை அடுக்கச் சொன்னார். அரியலூர் பக்கத்தைத் திறந்தேன். இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்:

'தவில், சிங்காரவேலு. ரிப்பன் மைக் எதிரே பன்னிரண்டு அடி. காயில் மைக் வலப்பக்கம் மூன்றடி. மணி கூடாது, விளக்கு மட்டும். தாளம் போடுபவர் எதிரில் இருக்கவேண்டும். கலைஞருக்குக் காது கேளாது, யாரும் குரல் கொடுத்து நிறுத்தக்கூடாது. அடுத்த வருஷமும் இவரையே வைத்து எடுக்கவேண்டும்.'

தேதி மே எட்டு. அன்றைக்கே எழுதியிருக்கிறார்!

நான் நோட்டோடு போய் நின்றேன். "மானேஜருக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"அவர் கேட்டது வாசிப்பை. அது மெழுகுல இருக்கு. காதைப் பத்தி அவர் கேக்கலியே."

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல சார்?"

"நீ என்கிட்ட சொன்னியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாவது மெழுகு தேறிவிட்டது. தட்டு அச்சாகி வருகிறது. நான் முதலிலேயே அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தானுக்கு அந்தச் சோதனையே வந்திருக்காது. என்னை மன்னிக்கவேண்டும்.

ராசாங்கம்

*

அரியலூர்
10-11-1946

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். இந்த முறை அதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உன் கடிதத்தை அவர் நான்கு தடவை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சின்னதுரை அண்ணன் வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றபடியே, "எனக்குக் காது போயிடுச்சு தம்பி. உன் கையைப் பாத்துத்தான் இத்தனை நாளும் வாசிச்சேன். வேற ஆளு பாக்கறதுன்னா பாத்துக்க" என்றார். அண்ணன் எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாக உதட்டை அசைத்தார். "திருமழபாடியிலயே தெரிஞ்சுபோச்சுண்ணே. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்." அதற்குமேல் இரண்டு ஆண்களும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான்தான் தண்ணீர் கேட்டேன்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் ஒரு வீட்டார் கல்யாணத்துக்கு வாசிக்கக் கொடுத்திருந்த வெற்றிலைப் பாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். தை மாதத்துக்கு இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள். பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

தட்டு தீபாவளி கழிந்து வந்தது. அரியமுத்து தன் கிராமபோனை மண்டியில் வைத்தார். நாற்பது பேர் இருக்கும். ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு முடிந்ததும் எல்லாரும் கையால், தலையால், "பிரமாதம்" என்று காட்டினார்கள். அவர் என்னிடம்தான் கேட்டார். "எப்படிடி இருக்கு?"

வாசிப்பே தொழிலான நம் அப்பா வீட்டில் பிறந்தவள் நான். தாளம் எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஒரு வருஷமாக அவருக்கு எதையும் நான் நேராகச் சொன்னதில்லை. டாக்டர் சொன்னதைக்கூட மழுப்பித்தான் சொன்னேன். அன்றைக்கு அவர் கையை இழுத்து, உள்ளங்கையில் தட்டிக் காட்டினேன். இரண்டாவது நிமிஷத்தில் ஒரு இடத்தில் கழி தாளத்துக்குக் கால் இடம் பிந்தி விழுந்திருக்கிறது. அதைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் என்னைக் கரித்துக்கொட்டுவது போலப் பார்த்தார்கள்.

அவர் சிரித்துவிட்டார் ராசாங்கம். போன ஐப்பசிக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. "எனக்கும் தெரியும்டி. கை அப்பவே சொல்லுச்சு. இத்தனை பேரு நல்லாருக்குன்னு ஏமாத்துனாங்க, நீ ஒருத்திதான் கேட்டதைச் சொன்ன" என்றார்.

இப்போது தினமும் காலையில் நான் எதிரில் உட்கார்ந்து தாளம் போடுகிறேன். தப்பினால் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஏழு தடவை தூக்கினேன்.

அக்கா
பஞ்சவர்ணம்